காற்றுக்குத் திறந்த பெட்டி: ரிப்பன் மைக்கின் கூடும் திண்டுக்கல் பட்டறையும்

வீட்டிலேயே ரிப்பன் மைக் செய்கிறவர்கள் முதலில் பேசுவது ரிப்பனைப் பற்றித்தான். அலுமினியத் தாள் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும், அதில் எப்படி மடிப்பு போடுவது, எந்தக் காந்தம் வாங்குவது, டிரான்ஸ்ஃபார்மருக்கு எத்தனை சுற்று என்று பேச்சு நீளும். கூடு கடைசியில்தான் வரும். எந்தக் குழாய் கையில் அகப்பட்டது, எந்த டப்பா அளவாக அமைந்தது என்பதோடு அந்தப் பேச்சும் முடிந்துவிடும். கையால் செய்த மைக்குகள் பல சுமாராக ஒலிப்பதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் முடிவு. ரிப்பன் நன்றாக இருக்கும், காந்தம் வலுவாக இருக்கும், ஆனாலும் பேசுகிறவர் குடத்துக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கும். குற்றம் கூட்டில்.

கூட்டைப் பற்றி எழுதும்போது திண்டுக்கல் நினைவுக்கு வருவது இயல்பு. தகடு வெட்டவும், மடக்கவும், ரிவெட் அடிக்கவும், பித்தளையை அரம் போட்டு ஒரு நூல் பிசகாமல் பொருத்தவும் தெரிந்த ஊர் இது. நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் தலைமுறைகளாகப் பூட்டு செய்திருக்கிறார்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டின் விலையோடு போட்டி போட முடியாமல் பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து வந்த காலத்தில்தான் அந்தப் பெருமையும் வந்து சேர்ந்தது. மாங்காய்ப் பூட்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் இந்தக் கைகளின் அருமை தெரியும். வெளியே இரும்புத் தகடு. உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாகப் பித்தளை லீவர்கள். ஒவ்வொரு லீவரும் அதற்குரிய சாவிப் பல்லுக்கு ஏற்றபடி தனித்தனியாக அரம் போடப்பட்டிருக்கும். ஒன்றில் முடியளவு கூடக்குறைய இருந்தாலும் சாவி திரும்பாது.

ரிப்பன் மைக் தொழில் இங்கே நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு வேண்டிய வேலை இங்கே நன்றாகத் தெரியும் என்கிறேன். ஒரே ஒரு திருத்தம் வேண்டும். பூட்டும் இரும்புப்பெட்டியும் அடைத்துக் காப்பதற்கு. ரிப்பன் மைக்கின் கூடோ திறந்து வைத்துக்கொண்டே காக்க வேண்டியது. இந்த வேறுபாட்டைப் பட்டறைக்காரரிடம் விளக்கிச் சொல்லாமல் வெறும் அளவு மட்டும் கொடுத்தால், அவர் அழகான, உறுதியான, காது கேளாத ஒரு பெட்டியைச் செய்து தருவார். கேட்டது அதுதான் என்பதால் குறை அவருடையது ஆகாது.

ஏன் திறந்திருக்க வேண்டும்? ரிப்பன் என்பது காந்தத்தின் இரு துருவங்களுக்கு நடுவே தொங்கும் அலுமினிய நாடா. 60 மி.மீ. நீளம், 4.8 மி.மீ. அகலம், 2 மைக்ரான் கனம் என்று வைத்துக்கொண்டால் அதன் எடை 1.6 மில்லிகிராம், ஒரு கொசுவின் கனம்கூட இராது. சாதாரண டைனமிக் மைக்கில் உதரவிதானத்தின் ஒரு முகத்தை மட்டும் ஒலி நேராகத் தாக்கும். ரிப்பனுக்கு இரண்டு முகமும் வெளிக்காற்றில் இருக்கிறது. முன்பக்க அழுத்தத்துக்கும் பின்பக்க அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசமே அதை அசைக்கிறது. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி இரு முகங்களையும் ஒரே சமயத்தில் ஒரே அளவில் தொடுவதால் ரிப்பன் அசையாமல் நிற்கும். முன்னும் பின்னும் நன்றாகக் கேட்டு, இரு பக்கமும் கேளாமல் இருக்கும் இந்த எட்டு வடிவக் கேட்பே ரிப்பன் மைக்கின் அடையாளம். கூடு முன்புறம் ஒரு மாதிரியும் பின்புறம் ஒரு மாதிரியும் இருந்தால் அந்த எட்டு கோணிப்போகும்.

முன்னாலிருந்து வரும் ஒலி ரிப்பனின் முதுகைத் தொட வேண்டுமானால் காந்தத்தையும் அதைப் பிடித்திருக்கும் சட்டத்தையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும். இந்தச் சுற்றுவழியின் நீளம்தான் உச்ச சுரங்களுக்கு எல்லை கட்டுகிறது. சுற்றுவழி 5 செ.மீ. என்றால், 6,860 ஹெர்ட்ஸில் அது சரியாக ஓர் அலைநீளம் ஆகிவிடும். முன்முகத்திலும் பின்முகத்திலும் அழுத்தம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ரிப்பனைத் தள்ள எதுவும் மிஞ்சாது. அதையே 2.5 செ.மீ. ஆகக் குறைத்தால் இந்தப் பள்ளம் 13,720 ஹெர்ட்ஸுக்குத் தள்ளிப்போகும். விளிம்புகளில் ஒலி வளைந்து பரவுவதால் உண்மையான மைக்கில் பள்ளம் கணக்கில் காட்டும் அளவுக்குக் கூர்மையாக இராது என்பது உண்மை. ஆனால் எந்தத் திசையில் போகிறது என்பதில் ஐயமில்லை. காந்தத்தைச் சுற்றி அழகுக்காக வைக்கும் அகலமான மரச்சட்டமோ தடித்த பித்தளை வளையமோ இந்தச் சுற்றுவழியைக் கூட்டிவிடுகிறது. படத்தில் பார்க்க லட்சணமாக இருக்கும் வீட்டு மைக்குகள் பல மந்தமாக ஒலிப்பதற்குக் காரணம் அந்தச் சட்டம்தான்.

பெரிய நிறுவனங்களின் கூடுகளைப் பார்த்தால் இந்தப் போராட்டம் அங்கேயும் நடந்திருப்பது தெரியும். ஜெர்மனியில் சீமென்ஸில் வால்டர் ஷாட்கியும் எர்வின் கெர்லாக்கும் ரிப்பன் மைக்கை உருவாக்கியது 1924-ல்.  ரிப்பனை ஸ்டுடியோவில் நம்பி வைக்கக்கூடிய கருவியாக ஆக்கியவர் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் இருந்த ஹாரி ஆல்சன். 1930-களில் வந்த ஆர்.சி.ஏ. 44 வரிசை மைக்கின் படத்தை, பெயர் தெரியாவிட்டாலும், பார்த்திராதவர் இருக்க மாட்டார். பட்டை தீட்டிய பெரிய பெட்டி, முழுக்கத் துளைகள். 44-பிஎக்ஸ் ஏறத்தாழ 4 கிலோ கனம். அந்தக் காலத்துக் காந்தத்துக்கு வலு குறைவு. பெரிய காந்தம் வைத்தே ஆக வேண்டும். அதை மூடக் கூடும் பெரிதாயிற்று. பெட்டி பெரிதானாலும் ரிப்பனைச் சுற்றித் தாராளமாக வெற்றிடம் விட்டிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வெளிச்சுவர் ரிப்பனுக்கு எவ்வளவு தூரத்திலும் எவ்வளவு மெல்லியதாகவும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நம் பழைய தமிழ்ப் படங்களின் எழுத்தோட்டத்தில் ஆர்.சி.ஏ. ஒலிப்பதிவு முறை என்று ஓடுமே, அது இதே நிறுவனம்தான்.

கூடு வெறும் உறை இல்லை என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது அதே நிறுவனத்தின் 77-டிஎக்ஸ். மாத்திரை வடிவத்தில் இருக்கும் அந்த மைக்கில் ரிப்பனின் பின்பக்கம் ஒரு குழாயோடு இணைக்கப்பட்டு, அந்தக் குழாய் உடலுக்குள்ளேயே மடிந்து மடிந்து போகிறது. குழாயின் வாயில் ஒரு சிறு மூடி. முதுகுப்பக்கம் இருக்கும் திருகை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பினால் மூடி திறந்து மூடும். முழுக்கத் திறந்தால் எட்டு வடிவம். முழுக்க மூடினால் எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும். நடுவில் நிறுத்தினால் முன்னால் மட்டும். ரிப்பன் அதேதான், காந்தமும் அதேதான். மைக்கின் குணத்தையே மாற்றுவது ஒரு தகட்டு மூடி. பூட்டில் நாக்கை நகர்த்தத் தெரிந்த கைக்கு இந்த அமைப்பு அந்நியமாக இருக்காது.

இங்கிலாந்தில் பிபிசி-மார்க்கோனி ஏ வகை மைக் 1934-ல் வந்தது. 1950-களில் பிபிசியின் ஆய்வுப் பிரிவில் ஷார்ட்டரும் ஹார்வுட்டும் உருவாக்கியது, இன்று கோல்ஸ் 4038 என்ற பெயரில் விற்கிறது. என் பார்வையில் கூட்டு வேலையின் உச்சம் அதுதான். காந்தத்தின் வளைவையே கூட்டின் வடிவமாக்கி, ரிப்பனுக்கு முன்னும் பின்னும் துளைத்தகட்டைக் கிட்டத்தில் வைத்து, அந்தக் கிட்டத்தையே உச்ச சுரங்களைத் தூக்கிவிடப் பயன்படுத்தினார்கள். வேண்டாத அதிர்வாக வரக்கூடியதை அளந்து வேலைக்காரனாக்கிய அந்தத் துணிவு வீட்டுப் பட்டறைக்கு ஆகாது. அதற்கு அளவுக்கருவியும் அமைதியான அறையும் வேண்டும். நமக்கு எளிய வழி, தகட்டை விலக்கி வைப்பது. நியோடைமியம் காந்தம் 1980-களில் வந்த பிறகு இது சுலபமாகிவிட்டது. விரல் அகலக் காந்தம் இரண்டு போதும்; பெரிய பெட்டி வேண்டியதில்லை. 

இனி பொருள்கள். வலையிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். கடையில் கிடைக்கும் துளைத்தகட்டில் 2 மி.மீ. துளை, மையத்துக்கு மையம் 3 மி.மீ. இடைவெளி என்பது சாதாரண அளவு. துளைகள் வரிசை மாறி அமைந்தால் திறப்பு 40 சதவீதம். நேர் வரிசையில் அமைந்தால் 35 சதவீதம்தான். 3 மி.மீ. துளை, 4 மி.மீ. இடைவெளி என்றால் 51 சதவீதம். பின்னிய கம்பிவலையில், கம்பி 0.3 மி.மீ., கண் 1 மி.மீ. என்றால் 59 சதவீதம். திறப்பு 40-க்குக் கீழே போனால் மைக்குக்கு ஒரு சாயல் ஏறத் தொடங்குகிறது என்பது என் காதின் கணிப்பு. தகட்டின் கனமும் முக்கியம்: துளைக்குள் இருக்கும் காற்றுக்கும் நிறை உண்டு, தகடு தடிமனாக ஆக அந்தக் காற்றுத்துண்டு நீண்டு, உச்ச சுரங்களுக்கு இடறலாகிறது. அரை மி.மீ. தகடு போதும். இரும்புப்பெட்டிக்குப் போடும் தகட்டில் துளை போட்டால் எவ்வளவு துளைத்தாலும் பயனில்லை. மலிவாக வரும் வெளிநாட்டு ரிப்பன் மைக்குகளில் வலைக்குள் இன்னொரு வலை வைத்திருப்பார்கள்; அந்த உள்வலையை எடுத்துவிட்டாலே உச்சம் தெளிவது பலரும் கண்ட அனுபவம்.

பாத்திரக் கடைகளில் தொங்கும் மாவுச் சல்லடையும் டீ வடிகட்டியும் வீட்டு மைக் செய்கிறவர்களின் நண்பர்கள். வடிகட்டியின் குவிந்த வலைக்கு ஒரு கூடுதல் நன்மை இருக்கிறது. முன்வலையும் பின்வலையும் தட்டையாக, ஒன்றுக்கொன்று நேராக 5 செ.மீ. தள்ளி நின்றால், அவற்றுக்கிடையே 3,430 ஹெர்ட்ஸில் ஒலி நின்று எதிரொலிக்கும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம் அது. பேச்சின் மெய்யெழுத்துகள் அங்கேதான் கரகரக்கும். வலை குவிந்திருந்தால் இந்த நிற்பு அலை கலைந்துபோகும். சல்லடையை வாங்கும்போது சட்டைப்பையில் ஒரு சிறு காந்தம் இருக்கட்டும். எவர்சில்வர் என்று விற்பவை எல்லாம் ஒரே உலோகம் இல்லை. சில வகைகளைக் காந்தம் இழுக்கும், சிலவற்றை இழுக்காது. ரிப்பனுக்குக் கிட்டத்தில் நிற்கும் வலை காந்தத்துக்கு ஒட்டும் வகையாக இருந்தால், காந்தப்புலத்தில் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்; அதிர்ந்தால் அந்த அதிர்வும் ஒலியில் வரும்.

உடலுக்குப் பித்தளையே என் முதல் தேர்வு. காந்தத்துக்கு ஒட்டாது, லேத்தில் கடைய எளிது, ஈயப்பற்று பிடிக்கும், துருவேறாது. பழைய பித்தளையை உருக்கி வார்த்ததாக இருந்தால் அதில் இரும்புத் துணுக்கு கலந்திருக்கலாம்; காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு வார்ப்பின் மேல் மெல்ல நகர்த்தினால் காட்டிக்கொடுத்துவிடும். பித்தளைக் குழாயின் ஒரே தொல்லை, அது மணியாக ஒலிப்பது. முடித்த கூட்டைப் பென்சிலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் அந்தக் கணீர் மைக்கிலும் இருக்கும். மேல்பாகமும் கீழ்ப்பாகமும் சேரும் இடத்தில் ரப்பர் வாஷர் வைத்தால் அடங்கும். திண்டுக்கல்லின் தோல் பதனிடும் தொழிலை நினைத்துத் தோல் வாஷர் போடத் தோன்றும். நல்ல தோல் அதிர்வை அழகாக அடக்கும் என்பது சரிதான். ஆனால் பித்தளையில் தோல் நாள்பட ஒட்டியிருந்தால் களிம்பு பிடிக்கும். நடுவே மெழுகோ வார்னிஷோ பூசுவது நல்லது.

பிவிசி குழாயைப் பலரும் எடுக்கிறார்கள். மலிவு, வெட்ட எளிது, ஒலியும் மோசமில்லை. ஆனால் அது மின்சாரத்தை மறைக்காது; உள்ளே செம்புத்தாள் ஒட்டி, அதை வலையோடும் கேபிளின் முதல் பின்னோடும் இணைத்தாக வேண்டும். முப்பரிமாண அச்சுக் கூடுகளும் பெருகிவிட்டன. அவற்றில் சாதாரணமாகப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிக்குக் கிட்டத்தில் இளகத் தொடங்குகிறது. சித்திரை வெயிலில் பேருந்து நிலையத்துக்கு வெளியே கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வருவது பெரிய காரியமில்லை. கூடு ஒரு மி.மீ. வளைந்தால் போதும், ரிப்பன் துருவத்தில் உரசும். நியோடைமியம் காந்தங்களிலும் சாதாரண வகை 80 டிகிரிக்கு மேல் வலுவை இழக்கும். ரிப்பனைத் தாங்கும் சட்டத்தையாவது உலோகத்தில் செய்துகொள்ளுங்கள் என்பதே நான் சொல்வது.

இரும்புத் தகடு வேண்டவே வேண்டாமா? வேண்டும், அதற்கென்று ஓர் இடம் உண்டு. ரிப்பனின் மின்தடை மேலே சொன்ன அளவுக்கு 0.17 ஓம் மட்டுமே வரும். அதிலிருந்து எழும் மின்னழுத்தம் பேச்சின் அளவில் சில மைக்ரோவோல்ட். 1:35 டிரான்ஸ்ஃபார்மர் அதை 35 மடங்காக்கி, தடையை 200 ஓம் அளவுக்குக் கொண்டுவருகிறது. இவ்வளவு சிறிய மின்னழுத்தத்தோடு வீட்டு மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் கலந்தால் ரீங்காரம்தான் மிஞ்சும். பித்தளையோ செம்போ இதைத் தடுக்காது. செம்பிலேயே 50 ஹெர்ட்ஸ் அலை 9 மி.மீ. ஆழம் வரை ஊடுருவும். மெல்லிய இரும்புத் தகடு ஓரளவு தடுக்கும். ஆகவே கூட்டை இரண்டு அறையாகப் பிரிப்பது நல்லது: மேலே ரிப்பனுக்குப் பித்தளைச் சட்டமும் வலையும், கீழே டிரான்ஸ்ஃபார்மருக்கு இரும்புத் தகட்டுக் குப்பி. டிரான்ஸ்ஃபார்மருக்கு மியூ-மெட்டல் உறை கிடைத்தால் அதையும் போட்டு அதன்மேல் இந்தக் குப்பியைப் போடலாம். பூட்டு உடலுக்குத் தகடு மடக்கும் அதே வேலைதான் இது. ஓர் எச்சரிக்கை: துத்தநாகம் பூசிய ஜிஐ தகட்டைச் சூடேற்றிப் பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும்; ரிவெட் அடிப்பதே நல்லது, அல்லது பற்றவைக்கும் இடத்தில் பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும்.

இரு அறைகளுக்கும் நடுவே தடுப்பு அடைப்பாக இருக்க வேண்டும். கம்பி போக ஒரு துளை விட்டு, கீழே காலியான குப்பி இருந்தால், அந்த வெற்றிடம் தனக்கென ஒரு சுருதியில் கூடவே ஒலிக்கும். ஆரம்பத்தில் சொன்ன குடச்சத்தத்துக்கு இது ஒரு பெரிய காரணம். கம்பியை இழுத்ததும் துளையை மெழுகால் அடைத்துவிடுங்கள். கம்பி போகும் வழியிலும் நுட்பம் உண்டு. ரிப்பனின் மேல்முனையிலிருந்து ஒரே கம்பியைக் கீழே கொண்டுவந்தால் ரிப்பனும் கம்பியும் சேர்ந்து ஒரு வளையமாகி ரீங்காரத்தை வாங்கிக்கொள்ளும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு கம்பிகளாக இறக்கிக் கீழே சேர்த்தால் இரு வளையங்களும் எதிரெதிராகி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இது ஆர்.சி.ஏ. காலத்திலிருந்தே இருக்கும் உத்தி. அந்தக் கம்பிகள் ஓடுவதற்குச் சட்டத்தின் இருபுறமும் ஒரே ஆழத்தில் காடி வெட்டித் தருவது கூடு செய்கிறவர் பொறுப்பு. பெரிய மோட்டார்கள் ஓடும் வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு அருகே குடியிருப்பவர்களுக்கு இந்த அறிவுரை மிகவும் பயன்படும்.

இரும்பு வேலை நடக்கும் பட்டறையில் ரிப்பன் மைக் கூடு செய்வதில் உள்ள பெரிய ஆபத்தை இப்போது சொல்ல வேண்டும்: அரப்பொடி. பூட்டுப் பட்டறையின் தரையில், மேசையில், ஆசாரியின் கைரேகையில், வெளிச்சத்தில் மினுக்கும் அந்தப் பொடி எங்கும் இருக்கும். ரிப்பனுக்கும் காந்தத் துருவத்துக்கும் உள்ள இடைவெளி கால் மி.மீ. இருந்தால் அதிகம். அதில் ஒரு துணுக்கு போய் நின்றுகொண்டால், காந்தப்புலத்தில் முள்ளாக விறைத்து நின்று ரிப்பனைத் தொடும். பாட்டின் உச்சத்தில் ஒரு கிர் சத்தம். இரண்டு மைக்ரான் அலுமினியத்தை அது கிழித்தும்விடும். எனவே காந்தம் பட்டறைக்குப் போகவே கூடாது. காந்தத்தின் அளவுக்கு மரத்திலோ அலுமினியத்திலோ ஒரு போலித்துண்டு செய்து கொடுத்து, அதை வைத்தே பொருத்தம் பார்க்கச் சொல்ல வேண்டும். துளை போடுவது, மரை வெட்டுவது, பஃப் போடுவது எல்லாம் முடிந்த பிறகு கூட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தூரிகையால் ஒவ்வொரு மரைத்துளையையும் தேய்த்து, சோப்புநீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் துணியில் சுற்றிய வலுவான காந்தத்தால் உள்ளும் புறமும் தடவினால் மிஞ்சிய பொடி துணியில் ஒட்டிவரும். துணி சுத்தமாக வரும்வரை தடவ வேண்டும். காந்தத்தில் ஏற்கெனவே பொடி ஒட்டியிருந்தால் விரலால் துடைத்துப் போகாது. ஒட்டும் டேப்பை அழுத்தி அழுத்தி எடுக்க வேண்டும்.

மேல்பூச்சைப் பற்றி இரண்டு வரி. ஸ்டீல் பீரோவுக்குப் போடும் பவுடர் கோட்டிங் கண்ணுக்கு அழகு, கைக்கு உறுதி. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தாது. வலை உட்காரும் விளிம்பிலும் இரு பாகங்கள் சேரும் இடத்திலும் பூச்சைச் சுரண்டி உலோகம் உலோகத்தைத் தொடும்படி செய்யாவிட்டால், வலை தனித்து நின்று, கை பட்டவுடன் இரைச்சலைக் கொடுக்கும்.

காற்று அடுத்த கவலை. திண்டுக்கல் சமவெளியில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் காற்றைத் தெரிந்தவர்கள் ரிப்பன் மைக்கை வெளியே எடுக்கவே யோசிப்பார்கள். ஊதினாலே நீண்டு தொங்கிப்போகும் நாடாவுக்கு வலை மட்டும் காப்பாகாது. உள்ளே ஓர் அடுக்குத் துணி வேண்டும். பழைய ஸ்டுடியோ மைக்குகளில் வலைக்குப் பின்னால் பட்டுத்துணி ஒட்டியிருப்பார்கள். நெசவு ஊரான சின்னாளபட்டி பக்கத்திலேயே இருக்கிறது. மெல்லிய நெசவுத் துண்டு ஒன்று கிடைப்பது கடினமில்லை. துணியைத் தேர்ந்தெடுக்க எளிய சோதனை உண்டு. ரேடியோவில் ஏதாவது ஒரு நிகழ்ச்சியை, கோடைப் பண்பலையையே, வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியின் முன்னால் துணியைப் பிடித்தும் எடுத்தும் கேளுங்கள். அறிவிப்பாளர் பேச்சில் சகரங்கள் மங்கினால் அந்தத் துணி ஆகாது. மங்கவில்லை என்றால், துணிக்குப் பின்னால் எரியும் மெழுகுவத்தியை வைத்து முன்னால் ஊதிப் பாருங்கள். சுடர் படுத்துவிடாமல் ஆடி நின்றால் அந்த நெசவு சரி. கஞ்சி போட்ட துணியாக இருந்தால் முதலில் அலசிக்கொள்ள வேண்டும். கஞ்சி கண்களை அடைத்திருக்கும். துணியை ரிப்பனுக்கு ஒட்ட வைக்காமல் வலையின் உள்பக்கத்தில் விறைப்பாக ஒட்டுவது முறை.

இந்த ஊர்க்காரர் ஒருவருக்கு இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. என் பதில் நாகஸ்வரம். சீவாளியின் கூர்மையான உச்ச ஒலி மலிவான கண்டென்ஸர் மைக்கில் காதைக் குத்தும். ரிப்பனில் அதே ஒலி உருண்டு, கனிந்து வரும். எந்தச் சமன்கருவியும் அதை அப்படிச் செய்துவிட முடியாது. மைக்கை அணைசுக்கு நேராக வைக்காமல் பக்கத்தில் தள்ளி வைத்தால் ரிப்பனுக்கும் ஆபத்தில்லை. தவிலை மட்டும் கிட்டத்தில் வைக்கக் கூடாது. வலந்தலையின் ஒவ்வோர் அடியிலும் கிளம்பும் காற்று ரிப்பனைத் தளர்த்தும். இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்து பாடுவதையோ பேசுவதையோ ஒரே மைக்கில் பதிவு செய்ய எட்டு வடிவம்போல் வசதி வேறில்லை. வானொலி நாடகம் வளர்ந்த காலத்தில் நடிகர்கள் ரிப்பன் மைக்கின் இருபுறமும் நின்று நடித்ததும் இதனால்தான். நல்ல ரிப்பன் மைக் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் லட்ச ரூபாயைத் தாண்டிவிடும். கிராமத்துக் கலைஞரைப் பதிவு செய்ய ஆசைப்படும் இளைஞருக்கு அது எட்டாத விலை.

தாங்கியையும் கூட்டின் பங்காகவே எண்ண வேண்டும். ரிப்பனின் இயல்பான அதிர்வு மிகத் தாழ்ந்த இடத்தில் இருப்பதால், தரையில் ஒருவர் நடந்தாலும் அது கேட்கும். கவட்டை வடிவத்தில் ஒரு பித்தளைப் பிடி செய்து, கூட்டை அதில் ரப்பர் வளையங்களில் தொங்கவிடுவது நல்லது. எடை கூடினால் வளையம் தளர்ந்து மைக் சாயும். மொத்த எடையை அரைக் கிலோவுக்குள் நிறுத்தப் பார்க்க வேண்டும். வைத்திருக்கும் பெட்டியில் மைக் நின்றபடியே இருக்க வேண்டும். படுக்கவைத்தால் நாளடைவில் ரிப்பன் தொய்யும். அந்தப் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தி, காற்று வெளியேற வழியில்லாமல் டப்பென்று மூடினால், உள்ளே அழுந்தும் காற்றே ரிப்பனைப் பிதுக்கிவிடும். மூடியில் நாலைந்து துளை போடச் சொல்லுங்கள். பெட்டி செய்கிறவர் வியப்பார், காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

முடித்த கூட்டைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு ரேடியோவை இரண்டடி தூரத்தில் வைத்து, மைக்கை அதன் அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே ஹெட்போனில் கேட்க வேண்டும். பக்கவாட்டு வரும்போது ஒலி ஏறக்குறைய மறைய வேண்டும்; மறையும் இடம் இருபுறமும் சரியாகத் தொண்ணூறு டிகிரியில் வராவிட்டால் முன்கூடும் பின்கூடும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். பிறகு முன்வலையைக் கழற்றி ஒரு நிமிடப் பேச்சும், மாட்டி ஒரு நிமிடப் பேச்சும் பதிவு செய்து ஒப்பிட வேண்டும். காற்றடிக்காத அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சு படாத தூரத்தில் நின்று இதைச் செய்ய வேண்டும். வலை மாட்டியதும் குரல் நிறம் மாறினால், மாற்ற வேண்டியது வலைதான். ரிப்பனைத் தொட வேண்டாம்.

இதையெல்லாம் தனியாள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கிச் செய்வது வீண் அலைச்சல். பூட்டுப் பட்டறைகளில் கைப்பிரஸ் இருக்கிறது. டை ஒன்று செய்துவிட்டால் ஒரே அளவுத் தகடுகளை வரிசையாக அடித்துத் தள்ளலாம். செலவு பிடிப்பது அந்த முதல் டை மட்டுமே. மைக் செய்யும் ஆர்வமுள்ள பத்துப் பேர் சேர்ந்து மூன்றே உறுப்புகளுக்கு, அதாவது குவிந்த வலைச்சட்டம், காடி வெட்டிய ரிப்பன் சட்டம், டிரான்ஸ்ஃபார்மர் குப்பி ஆகியவற்றுக்கு, ஒரு வரைபடத்தை முடிவு செய்துகொண்டு ஒரு பட்டறைக்குப் போனால், பூட்டு ஆர்டர் குறைந்த மாதங்களில் அந்த வேலையை எடுத்துக்கொள்ள ஆள் இருப்பார்கள். வரைபடத்தில் துளையின் அளவையும் தகட்டின் கனத்தையும் மட்டும் எழுதினால் போதாது. எங்கே அரை மி.மீ. பிசகலாம், எங்கே பிசகவே கூடாது என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பிசகக் கூடாத இடங்கள் இரண்டுதான்: ரிப்பன் சட்டத்தின் இரு துருவப் படுக்கைகள் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது, முன்வலையும் பின்வலையும் ரிப்பனிலிருந்து ஒரே தூரத்தில் நிற்பது.